கடைசித் தேதி

டிசம்பர் நான்கு. பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.
கழிவுநீர் நிலையத்தின் மூன்றாம் தொட்டியருகே
அது இன்னும் இருக்கிறது.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில்
மஞ்சள் என்று மிச்சமிருப்பவை மூன்றுதான்:
சிரில் ஸ்னூக்கின் மழைக்கோட்டு,
தீயணைப்புக் குழாயின் தொப்பி,
இந்தக் கதிர்க்குருவி.

இதன் கூட்டம் ஆகஸ்டிலேயே கிளம்பிவிட்டது.
இந்நேரம் வெனிசுவேலாவின் அலையாத்திக் காட்டில்
இலைக்கடியில் புழு தேடிக்கொண்டிருக்கும்.
இது மட்டும்
கப்பலைத் தவறவிட்டவன்
துறைமுகத்திலேயே குடித்தனம் வைத்ததுபோல
எங்கள் குழாய் வாயைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஊர் கழுவிய வெந்நீர் எல்லாம்
அங்கேதான் வந்து விழும்.
பாத்திரம் தேய்த்தது, பிள்ளைகளைக் குளிப்பாட்டியது,
விடிகாலைச் சவரம், மற்றதும்.
அந்த ஆவியில் கொசுவைவிடச் சின்ன ஈக்கள்
டிசம்பரிலும் பிறக்கின்றன.
நாற்றம் எங்களுக்கு.

சனிக்கிழமை வந்துவிட்டார்கள்.
செயின்ட் ஜான்ஸிலிருந்து, ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஹாலோரன்.
கேண்டரிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்த ஒரு பையன்.
பெயர் சொல்லாத இரண்டு பெண்கள், இருவருக்கும் ஒரே ஃபிளாஸ்க்.
வேலிக்கு வெளியே முக்காலிகளை நட்டு
நற்கருணைக்கு நிற்பவர்களைப்போல
எங்கள் சாக்கடை முன்னால் நின்றார்கள்.
பதினோரு வருஷ வேலையில்
இந்தத் தொட்டியை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

"அதோ," என்றான் பையன், மூச்சுக்குள்.
அது வந்து குழாயின் விளிம்பில் உட்கார்ந்து
வாலை இரண்டு தரம் ஆட்டி
உடம்பை உப்பி
ஒரு எலுமிச்சம்பழம் ஆனது.
டாக்டரின் கண்ணில் நீர். குளிர், என்றார்.

முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்டார்.
நோட்டு, பென்சில், பல்லால் கையுறை கழற்றிய விரல்கள்.
அக்டோபர் இருபது, என்றேன். உண்மைதான்.
சொல்லாதது ஒன்று:
பின்பக்க மூடியை அன்றிலிருந்து
ஒரு சாண் திறந்தே வைக்கிறேன்.
விதிப்படி மூட வேண்டும்.
மேலாளர் டல்க் இரண்டு தடவை மூடிவிட்டுப் போனார்.
நான் இரண்டு தடவை திறந்தேன்.
அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்ட அதிசயத்துக்கு
உடைந்த மண்வெட்டிக் காம்பு ஒன்று
முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இரவில் வால்டரிடம் மட்டும் சொன்னேன்.
"போக வேண்டியதைப் போகவிடாமல் பண்ணுகிறாயா, வெர்னா?"
சூப் ஆறிப்போனது.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றால்
ஆறு வாரத்துக்கு என்ன பெயர்?
ஈ கிடைப்பதால் இருக்கிறதா,
போக முடியாததால் ஈ தின்கிறதா,
அந்தச் சிறகுக்குள் என்ன கோளாறு என்பது
ஹாலோரனின் லென்ஸுக்கும் தெரியாது.

செவ்வாய் இரவு வடகிழக்கிலிருந்து அடித்தது.
கடல் வேலிவரை வந்து
கம்பியெல்லாம் உப்பு ஒட்டிவிட்டுப் போனது.
புதன்கிழமை, ஏழே கால், கையில் டார்ச்.
குழாய் விளிம்பில் பனி விரல் விரலாய்த் தொங்கியது.
காம்பு தள்ளிக் கிடந்தது, மூடி மூடியிருந்தது.
காற்றா, டல்க்கா? விசாரிக்கவில்லை.
திறந்தேன். வெள்ளையாய் எழுந்து
என் கண்ணாடியை மூடியது ஆவி.
துடைத்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன்.
பம்ப்புகளின் சத்தம். அப்புறம் அதுவும் பழகி
சத்தமில்லாததாயிற்று.

எட்டு மணிக்கு டாக்டர் போனில்.
"இருக்கிறதா?"
அவர்கள் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு,
கடைசித் தேதி என்று.
பறவை போன நாள் இல்லை அது.
யாரோ ஒருவர் கடைசியாய்
வந்து பார்த்த நாள்.

"இன்னும் சரியாய் வெளிச்சம் வரவில்லை," என்றேன்.

காம்பை மறுபடி நட்டுவிட்டு வந்து
பத்து மணிக்கும்
அதையேதான் சொன்னேன்.